நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே பெல்ட்

வண்டியில் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுக்கிறீர்களே, அது உங்கள் தோளுக்கு மேலே ஒரு வளையத்துக்குள் புகுந்து வருகிறதே, அந்த வளையத்தை ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பெல்ட் ஒழுங்காக வருகிறவரை அதை யாரும் பார்ப்பதில்லை. அது ஒரு மூலையில் போய்ச் சேர்ந்து, பாவாடை நாடா மாதிரி திரண்டு, இழுக்க இழுக்க வராமல் முரண்டு பிடிக்கும்போதுதான் "என்னடா இது" என்று தலையைத் திருப்புவீர்கள். நான் அந்த வளையத்தைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள்.

என் பெயர் கோகிலவாணி. வாக்கப்பட்டது மலை மேலே தொட்டமேட்டில், நாற்பத்திரண்டு வீடு, ஒரு கிணறு, பத்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். மலையடிவாரத்துக்கு வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போய், எட்டு மணி நேரம் ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். மிஷின் வளையத்துக்குள் பெல்ட்டை விட்டு இழுக்கும், விடும், இழுக்கும், விடும். எத்தனையாவது இழுப்பில் பெல்ட் மூலைக்குப் போகிறது என்று நான் எழுதி வைக்க வேண்டும். நேராக இழுத்தால் வம்பில்லை. சாய்வாக இழுத்தால் முந்நூறாவது இழுப்புக்குள் மூலையில் போய் முடங்கிக்கொள்ளும். எங்கள் இன்ஜினியர் இன்பநாதன் சார் புதுசு புதுசாகப் படம் போட்டுக் கொடுப்பார், புதுசு புதுசாக வளையம் வரும், பெல்ட் மட்டும் பழைய மூலைக்கே போகும். அப்படிக் கழித்துப் போட்ட வளையத்தில் ஒன்றை, எங்கள் பழைய ஜீப் வண்டியில் வளையம் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருப்பதைக் கேள்விப்பட்டு, அவரே எடுத்துக் கொடுத்தார். "நேரா இழுத்தா ஒண்ணும் ஆகாதும்மா, மாட்டிக்கங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் முனிரத்தினம் பீன்ஸ் மூட்டைகளை ஏற்றிவிட்டு, உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. தொப்பை விழுந்துவிட்டதோ என்று குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் இறங்கி நின்று இழுத்தார். நான் என் பத்து மாதப் பயல் நிலவனுக்கு ஒரு இட்லி ஊட்டி முடிப்பதற்குள், பெல்ட் வண்டி ஜன்னல் வழியாக இறங்கி வாசலை இரண்டு சுற்றுச் சுற்றி, முருங்கை மரத்தடியில் கருப்பு மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

"வாணி, உன் வளையம் ரொம்பத் தாராளமா இருக்குதே" என்றார்.

"நிக்குதா?"

"நிக்கலை. வந்துக்கிட்டே இருக்குது."

என் மாமியார் எல்லம்மா அதைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு கையாலும் நெம்பிப் பார்த்தார், "வந்தா வரட்டும், துணி நல்ல கெட்டி" என்றார். அரிவாள்மனையில் வைத்து அறுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. சரியென்று அறுக்காமலே நாலு முழம் இழுத்து உத்தரத்தில் சுற்றி, நிலவனுக்குத் தூளி கட்டிவிட்டார். பயல் அதில் படுத்த அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கினான். அவன் பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதே இல்லை. பெல்ட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அதற்குமேல் பேசவில்லை. மூன்று மணி நேரம் பிள்ளை தூங்கினால் வேறு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது?

பக்கத்து வீட்டு பைரப்பண்ணன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆட்டுக்குக் கவுறு இல்லை, ரெண்டு மார் இழுத்துக்கவா?" என்றார். இழுத்துக்கொண்டார். அவர் ஆட்டைச் சுற்றிய இடத்திலிருந்து அடுத்த வீட்டார் துணி காயப்போட இழுத்துக்கொண்டார்கள், துணிக்கொடியிலிருந்து எதிர்வீட்டார் கட்டில் பின்ன இழுத்துக்கொண்டார்கள், கட்டிலிலிருந்து கிணற்று வாளிக்குப் போனது, வாளியிலிருந்து பந்தக்காலுக்குப் போனது, பந்தக்காலிலிருந்து பசுமாட்டுக்கும், பசுமாட்டிலிருந்து பள்ளிக்கூடத்து ஊஞ்சலுக்கும், ஊஞ்சலிலிருந்து கூரைக்கும் போனது. முடிச்சுப் போட்டால் அவிழ்ந்துவிடும், சுற்றி விட்டால்தான் நிற்கும் என்பதை எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். பத்தாம் நாள் நாற்பத்திரண்டு வீட்டிலும் அது ஓடியது. எங்கேயும் வெட்டில்லை, ஒட்டில்லை, எல்லாம் ஒரே பெல்ட். எங்கள் வண்டிக்குள் இருந்த சின்னச் சுருளோ முதல்நாள் இருந்த அதே கனத்தில் இருந்தது.

வண்டியிலிருந்து கழற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஸ்பேனர் போட்டுச் சுற்றினோம். போல்ட்டும் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வர மட்டும் அதற்கு மனசில்லை.

அந்தப் பத்தாம் நாள்தான் அது முதல் தடவை பூட்டிக்கொண்டது. சீட் பெல்ட்டின் குணம் உங்களுக்குத் தெரியுமே, மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். பைரப்பண்ணனுக்கு எதையும் மெதுவாக இழுத்துப் பழக்கமில்லை. அவரோட கிடா ஒன்று கத்தரிச் செடியில் வாயை வைத்தது என்று அதை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான், கிணற்றில் வாளி பாதியில் நின்றது, பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் ஆகாயத்தில் நின்றது, பசுமாடு தண்ணீர்த் தொட்டிக்கு அரை அடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது, எங்கள் வீட்டில் தூளி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதும் நிலவன் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான்.

ஊர் ஏற்கெனவே கூடியிருந்தது. "யாரு இழுத்தது?" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் சத்தம்.

"வேற யாரு, பைரப்பனாத்தான் இருக்கும்!"

"நான் கிடாவைத்தான் இழுத்தேன், உங்களை எவன் இழுத்தான்?" என்றார் அவர்.

இந்த இடத்தில் நான் பேசினேன். ஊரில் அந்தச் சங்கதி தெரிந்தவள் நான் ஒருத்திதானே. "அண்ணே, பூட்டிக்கிட்டா மேலே மேலே இழுக்கக் கூடாது. இழுத்தவங்க ஒரு சாண் திரும்ப உள்ளே விடணும். அப்பத்தான் திறக்கும்" என்றேன்.

அவர் மீசையைத் தடவினார், கிடாவைப் பார்த்தார், கத்தரிச் செடியைப் பார்த்தார், ஒரு சாண் விட்டார். கிளிக் என்றது. வாளி இறங்கியது, ஊஞ்சல் இறங்கியது, மாடு தண்ணீர் குடித்தது. கிடா மட்டும் கிடைத்த ஒரு சாணில் இன்னொரு கத்தரிச் செடியைத் தின்றது.

அதற்கப்புறம் தொட்டமேடு மெதுவாகிவிட்டது. துணியை உதறாமல் விரித்தார்கள். மாட்டை இழுக்காமல் கூப்பிட்டார்கள், பாதி மாடுகள் வரவும் செய்தன. கட்டிலில் தொப்பென்று விழுகிற ஆம்பளைகள் பூனை மாதிரி உட்காரப் பழகினார்கள். சண்டை என்றால் பெல்ட்டுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, பாறைப் பக்கம் நடந்து போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள். அவ்வளவு தூரம் நடப்பதற்குள் பலருக்குச் சண்டை எதற்கென்று மறந்துபோனது. வாரத்துக்கு ஒரு தடவை பைரப்பண்ணன் ஊரைப் பூட்டுவார், "ஏ பைரப்பா!" என்று நாற்பத்தொரு வீடும் கத்தும், அவர் ஒரு சாண் விடுவார். அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

எங்கள் வண்டிக்குத்தான் கஷ்டம். நேர்ச்சாலையில் பெல்ட்டை ஜன்னல் வழியாக விட்டுக்கொண்டே போகலாம், அது சமர்த்தாகக் கூடவே நீண்டு வரும். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் பெல்ட் சாயும், சாய்ந்ததும் வளையத்தின் மூலைக்குப் போகும், போனதும் முடங்கும். வண்டி நின்றுவிடும். அதனால் முதல் வளைவு வரைக்கும் மூட்டைகளைக் கொண்டுபோய், அங்கிருந்து மொபெட்டில் மாற்றி ஏற்றினார்கள். நான் மிச்சம் ஆறு வளைவையும் நடந்து இறங்கி பஸ் பிடித்தேன். அதையும் யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேகலா வருகிறவரைக்கும்.

மேகலா என் நாத்தனார், முனிரத்தினத்துக்குத் தங்கை, சமவெளியில் கட்டிக்கொடுத்தது, தலைப்பிரசவம். வளைகாப்பு நடத்தி, கை நிறைய வளையலோடு அவளை மலைக்கு அழைத்து வந்தோம். ஊருக்குக் கீழே அந்த முதல் வளைவு வரைக்கும் வாடகைக் காரில், அப்புறம் எங்கள் வண்டியில். வந்த நாலாம் நாள் பெருமழை. மூன்றாவது வளைவில் சாலையில் பாதி சரிந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. எங்கள் சின்ன வண்டி ஒட்டி ஒட்டிப் போகலாம், பெரிய வண்டி எதுவும் வர முடியாது. செல்போன் கோபுரமும் அன்றைக்கே சாய்ந்தது. மறுநாள் ஏறி வந்த கிராம நர்ஸ் மேகலா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"குழந்தை குறுக்கே படுத்திருக்குது. வலி எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். டோலி கட்டித் தூக்கினா மூணு மணி நேரம், அது ஆகாது. 108 மேலே வராது. இப்பவே கீழே கூட்டிட்டு வந்து தங்க வைங்களேன்."

அதுதான் சரி. ஆனால் என் மாமியார் எழுந்து நின்றுவிட்டார். "வளையல் போட்டு அழைச்சுக்கிட்டு வந்த பொண்ணு, வலி எடுக்கறதுக்கு முந்தி ஊர் எல்லையைத் தாண்டுனதா எங்க தொட்டமேட்டுல சரித்திரமே கிடையாது. அம்மா வீட்டுல வெச்சிருக்க வக்கில்லைன்னு சம்பந்தி வீட்டுல சொல்லமாட்டாங்களா?"

"சொன்னா சொல்லட்டும்மா" என்றாள் மேகலா.

"நீ சும்மா இருடி."

நானும் சொல்லிப் பார்த்தேன், அவர் மகனும் சொல்லிப் பார்த்தார். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் எல்லம்மா பக்கம். நல்ல மனுஷர்கள்தான், பெல்ட்டுக்காக மாட்டைக்கூட மாமா மச்சான் என்று கூப்பிடுகிறவர்கள்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு சாணும் விடமாட்டோம் என்று நின்றார்கள். அன்றைக்கு மேகலா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் கால், இடுப்புக்குக் குறுக்கே ஒரு சின்ன மேடு. "அண்ணி, உங்க வளையம் அந்த வளைவெல்லாம் திரும்புமா?" என்றாள்.

"திருப்பிடலாம்" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல முடியுமா?

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் சரிவுக்கொல்லையைத் தாண்டிப் போகும்போது மழைத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். சரிவுக்கொல்லையில் தண்ணீர் எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி அந்தக் கரையை அரித்துவிடும். அதற்காக எங்கள் ஊரில் வாய்க்காலின் இரண்டு கரையிலிருந்தும் நடுவைப் பார்த்துச் சாய்வாகக் கல் பதிப்பார்கள், மீன் முள் மாதிரி. ஓரத்துக்கு வருகிற தண்ணீரை ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குத் தள்ளும். தண்ணீருக்குத் தான் தள்ளப்படுவதே தெரியாது.

அன்றைக்குக் கம்பெனியில், கழித்துப்போட்ட வளையம் ஒன்றை எடுத்து, பெல்ட் உட்கார்ந்து வழுக்குகிற இடத்தில் மெல்லிய அரத்தால் சாய்வுக் கோடுகளாக ராவினேன், இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, எல்லாம் நடுவைப் பார்த்து. பெல்ட்டைக் கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு கோட்டையும் துணி போட்டு மழமழவென்று தேய்த்தேன். மிஷினில் மாட்டி, வேண்டுமென்றே சாய்த்து இழுக்க விட்டேன். முந்நூறு தாண்டியது. மூவாயிரம் தாண்டியது. பெல்ட் மூலைக்குப் போகப் பார்க்கும், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நடுவுக்குத் திரும்பிவிடும். இன்பநாதன் சார் பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரும்மா இது உங்களுக்குச் சொன்னது?"

"எங்க கொல்லைத் தண்ணி சார்."

அவர் அரத்தை என்னிடமே கொடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, அங்கதான் அவசரம்" என்றார். சாயங்காலம் வந்து எங்கள் வண்டி வளையத்தையும் அதேபோல ராவினேன், பதினாலு கோடு. ஆனால் மிஷினில் வருவது ரெண்டடி பெல்ட். இங்கே ஆறு கிலோமீட்டர். சோதித்துப் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்த காலையில்தான், பத்து மணி இருக்கும், மேகலாவுக்கு வலி எடுத்தது.

பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்து அத்தை எல்லம்மா மடியில் தலையை வைத்தோம். நான் முன்னால், வளையத்தைப் பார்த்தபடி. பைரப்பண்ணன் கோயில் மைக்கைப் பிடித்துக்கொண்டார், மைக் இல்லாவிட்டாலும் கேட்டிருக்கும்: "ஊர்ல யாரும் எதையும் இழுக்கக் கூடாது! ஆட்டைத் தோள்ல தூக்கி வெச்சுக்குங்க! மாட்டுக்குப் புல்லைப் போட்டு மூஞ்சிக்கு நேரா நில்லுங்க! தூளியை ஆட்டாதீங்க, பாட்டு மட்டும் பாடுங்க! எவனாவது வெடுக்குன்னு இழுத்தீங்க, நானே வந்து மிதிப்பேன்!" எல்லோரும் வெளியே வந்து, அவரவர் வாசலில் ஓடுகிற பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். வண்டி கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன், ஊரே ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருந்தது, ஒருத்தர் தோளில் ஆட்டுக்குட்டி சாவகாசமாக அவர் தலைப்பாகையைத் தின்றுகொண்டிருந்தது.

முதல் வளைவு. பெல்ட் சாய்ந்தது, மூலைக்கு நகர்ந்தது. ஏழாவது கோட்டைத் தொட்டதும் பெல்ட் ஒரு தயக்கம் தயங்கி நடுவுக்கு வந்து, வழவழவென்று ஓடியது. "வாணி?" என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போங்க, போங்க" என்றேன். இரண்டாவது வளைவும் அப்படியே.

மூன்றாவது வளைவில், சரிந்த பாதியை ஒட்டி, நத்தை மாதிரி ஊர்ந்தோம். முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் போகும்போது மண் கீழே இறங்கியது. வண்டி பின்னால் சரிந்து பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது, அத்தை "அம்மாடி" என்றார், மேகலா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். படக் என்று பெல்ட் பூட்டியது.

மேலே அந்த நேரம் நடந்ததை அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாற்பத்திரண்டு வீட்டு வாசலிலும் பெல்ட் வெட்டி இழுத்து, கட்டில்கள் ஒரு அடி நகர்ந்தன, பந்தக்கால்கள் சாய்ந்தன, பசுமாடு உட்கார்ந்துவிட்டது, நின்றிருந்த அத்தனை பேரும் ஒரு எட்டு முன்னால் இழுபட்டார்கள். ஒருத்தர்கூடக் கையை விடவில்லை. போன் இல்லை, யாரும் வந்து சொல்லவில்லை, ஆனாலும் பெல்ட்டின் அந்தக் கனத்தில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளவட்டங்கள் ஓங்கி இழுக்கப் போனபோது, பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாகச் செய்யாத பைரப்பண்ணன், கண்ணில் தண்ணீரோடு, "மெதுவாடா! தூங்கற புள்ளைய எடுக்கற மாதிரி எடுங்கடா!" என்றாராம்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: வண்டி, தன்னால், ஒரு விரற்கடை பின்னால் ஏறியது. இன்னொரு விரற்கடை. சக்கரத்தின் அடியில் கல் தட்டுப்பட்டது. சரியாக ஒரு சாண் ஏறி, சக்கரம் சாலையில் நின்றதும், கிளிக் என்று பெல்ட் திறந்தது. அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். பாறைப் பக்கமாக ஒட்டி வண்டியைத் தாண்டவிட்டார். அத்தை, "இனிமே எவளையும் மாசம் ஒன்பதானா கீழேயே வெச்சுக்கறோம், எவ என்ன சொன்னாலும் சரி" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. பதினாலு கோடும் தத்தம் வேலையைச் செய்தன. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பத்து ஐம்பது.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை, மூணு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு, வெளியே வந்ததும் டாக்டர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்ததாம். அத்தை பேத்தியைக் கையில் வாங்கியதும், வாசலுக்கு வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டுக் காட்டியதும், சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பியதும், டீ வந்ததும், நான் இரண்டு டம்ளர் குடித்ததும் எல்லாம் நடந்து முடிய மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அப்போதுதான் என்னை உள்ளே விட்டார்கள். மேகலா கால் இன்னும் மரத்துப்போய்ப் படுத்திருந்தாள், உதடெல்லாம் காய்ந்திருந்தது. ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்துவிட்டு, "பாப்பா உன்னை மாதிரியேதான், மூக்கு மட்டும் அவங்க வீட்டு மூக்கு" என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள். கண்ணால் ஜன்னலைக் காட்டினாள். வெளியே எங்கள் வண்டி நின்றது, அதன் ஜன்னலிலிருந்து பெல்ட் புறப்பட்டு, ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, வளைவு வளைவாக மலை மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. விறைப்பாக இருந்தது. துளி ஆட்டமில்லை.

"அண்ணி" என்றாள் மெதுவாக, "பாப்பாவை அப்புறம் கொஞ்சலாம். முதல்ல போய் அந்த பெல்ட்டை ரெண்டு தடவை மெல்ல அசைச்சு விடுங்க. பாவம், மேலே எல்லாரும் இன்னும் பிடிச்சுக்கிட்டே நிக்கறாங்க."